கறுப்புக் கட்டங்களுக்கு முன்னால் ஒரு வகுப்பு

"புரியுதா?" என்று கேட்டேன். திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். சில வினாடி மௌனம். பிறகு சாட்டில் ஒரு "யெஸ் சார்" வந்து விழுந்தது. அதைப் பார்த்து இன்னும் ஏழெட்டு "யெஸ் சார்". சரி என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன். அந்த வாரக் கடைசியில் விடைகளைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்த 'யெஸ்'ஸுக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று.

வகுப்பறையில் இந்தக் கேள்விக்கு வாய்திறந்து பதில் சொல்ல வேண்டிய அவசியமே இராது. முதல் பெஞ்சில் ஒருவன் நெற்றியைச் சுருக்குவான். நடு வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் நோட்டை எட்டிப் பார்ப்பாள். கடைசி வரிசையில் பேனாக்கள் நின்றுபோயிருக்கும். ஆசிரியர் தன்னையறியாமலேயே வேகத்தைக் குறைப்பார், வேறொரு உதாரணத்துக்குத் தாவுவார். தொலைவிலிருந்து கற்பிக்கும்போது முதலில் காணாமல் போவது இதுதான். பாடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது, ஆனால் அங்கிருந்து எதுவும் திரும்பி வருவதில்லை. பல்கலைக்கழகங்கள் இதற்கென்று வாங்கும் மென்பொருள், எடுக்கும் வீடியோ, நடத்தும் பயிற்சிப் பட்டறை எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்து உரசிப் பார்க்கலாம் என்பது என் கட்சி: இது மாணவரிடமிருந்து எதையாவது திருப்பிக் கொண்டுவருகிறதா?

தபால்காரர் காலத்திலிருந்தே

இந்தச் சிக்கல் கோவிட் நாட்களில் முளைத்ததில்லை. பிரிட்டனில் ஒரு பென்னி கட்டினால் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்ற ஏற்பாடு 1840-ல் வந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டு ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைத் தபாலில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மாணவர் எழுதி அனுப்ப வேண்டும், அதைத் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள். அந்தத் திருத்திய அட்டைதான் வகுப்பு. 1858-ல் லண்டன் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள், பரீட்சை எழுதித் தேறினால் பட்டம் தருகிறோம் என்றது. படிப்பது அவரவர் பாடு. இணையத்தில் இன்று நடக்கும் படிப்புகளைப் பார்த்தாலும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றின் சாயல் தெரியும்.

பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி 1969-ல் அரச சாசனம் பெற்று, 1971-ல் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிபிசியில் நள்ளிரவில் ஒளிபரப்பான பாடங்களைத்தான் முதலில் சொல்வார்கள். உண்மையில் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தாங்கி நின்றது மாணவர் அனுப்பும் ஒப்படைப்பும் அதன் ஓரத்தில் ஆசிரியர் எழுதி அனுப்பிய குறிப்பும்தான். இரவுநேரப் பாட ஒளிபரப்பு 2006-ல் நின்றுபோனது. திருத்தி அனுப்புவது மட்டும் நிற்கவே இல்லை.

இதற்கு நேர்மாறான அனுபவம் 2011-ல் கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவு பற்றிய பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். சுமார் 1.6 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். கடைசிவரை முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். ஒரு ஆசிரியருக்கு அது பிரம்மாண்டமான எண்ணிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் பதிவு செய்தவர்களில் பெரும்பாலோர் பாதி வழியில் இறங்கிவிட்டார்கள் என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. இறங்கும்போது "ஏன் போகிறாய்?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

மைக்கேல் ஜி. மூர் என்ற கல்வியாளர் 1970-களில் இதற்கு ஒரு சட்டகம் போட்டுக் கொடுத்தார். கற்பித்தலில் தூரம் என்பது கிலோமீட்டர் கணக்கில்லை என்றார் அவர். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உரையாடல் எவ்வளவு, பாடத்தின் கட்டமைப்பு எவ்வளவு இறுக்கம், மாணவர் தானாகப் படிக்கும் பழக்கம் எவ்வளவு, இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்தத் தூரத்தைத் தீர்மானிக்கின்றன. இப்படிப் பார்த்தால் முந்நூறு பேர் அடைந்திருக்கும் விரிவுரைக் கூடத்தின் கடைசி வரிசைகூடத் தொலைநிலைக் கல்விதான்.

2020 ஏப்ரல் வாக்கில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்களின் வகுப்பறைகள் மூடப்பட்டிருந்ததாக யுனெஸ்கோ கணக்குச் சொன்னது. அதற்குச் சில நாட்கள் முன்பே, அந்த ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், அமெரிக்கக் கல்வியாளர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். இப்போது நாம் செய்வதை 'ஆன்லைன் கல்வி' என்று சொல்லாதீர்கள், 'அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தல்' என்று சொல்லுங்கள் என்பது அவர்கள் வாதம். வீடு தீப்பிடித்தபோது ஜன்னல் வழியே இறங்கியதை வைத்து, வீட்டுக்குப் படிக்கட்டு எப்படிப் போட வேண்டும் என்று முடிவுசெய்ய முடியாது. ஆனாலும் பல இடங்களில் அந்த ஜன்னல்தான் இன்றுவரை வாசலாக இருக்கிறது: கால அட்டவணை அப்படியே, ஒரு மணி நேர விரிவுரை அப்படியே, நடுவில் ஒரு கேமரா மட்டும் புதிது.

எதற்கு நேரலை, எதற்கு வேண்டாம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீடியோ வகுப்பு ஒன்று வினாடிக்கு ஒரு மெகாபிட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. நாளுக்கு நாலு வகுப்பு என்றால் 1.8 ஜிபி. அதே விரிவுரையைக் குரலாக மட்டும், வினாடிக்கு 32 கிலோபிட்டில் பதிவுசெய்தால் மணிக்கு 15 எம்பிகூட ஆகாது. கூடவே ஒரு பிடிஎஃப் ஸ்லைடு, இரண்டு மூன்று எம்பி. இரண்டுக்கும் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். வீட்டில் ஒரே போன், அதில் இரண்டு பேர் படிக்க வேண்டும் என்கிற மாணவருக்கு, படிக்க முடிவதும் முடியாமல் போவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

2020-ல் டேனியல் ஸ்டான்ஃபோர்ட் என்பவர் இதை நாலு கட்டமாக வரைந்து காட்டினார். ஒரு பக்கம் டேட்டா எவ்வளவு தேவை, இன்னொரு பக்கம் பதில் எவ்வளவு உடனடியாக வேண்டும். அதிக டேட்டா, அதிக உடனடி என்ற மூலையில் நேரலை வீடியோ. எதிர் மூலையில் மின்னஞ்சல், வாசிப்பு, விவாதப் பலகை. பெரும்பாலான ஆசிரியர்கள் யோசிக்காமலேயே முதல் மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். அது வகுப்பறையைப் போலவே தோற்றம் தருகிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

நான் கடைப்பிடிக்கும் முறை எளிது. நான் மட்டும் பேசுவதாக இருந்தால் அது பதிவாகப் போகட்டும். அவர்களும் பேச வேண்டியிருந்தால் மட்டும் நேரலை. விதியாகச் சொல்வது சுலபம், பழக்கத்துக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு செமஸ்டர் ஆனது. பேசாமல் இருப்பது ஆசிரியர்களுக்கு வராத கலை.

நேரலை வகுப்பு என்னதான் தர முடியும் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பாடம் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவு. 1, 5, 9 என்று மூன்று எண்கள். சராசரி 5. இப்போது ஒவ்வொன்றுடனும் 10-ஐக் கூட்டுகிறோம்: 11, 15, 19. திட்ட விலக்கம் கூடுமா, குறையுமா, மாறாதா? விளக்கம் எதுவும் சொல்வதற்கு முன்பே இந்தக் கேள்வியைத் திரையில் போடுகிறேன். "பதிலை சாட்டில் டைப் பண்ணுங்க, ஆனா அனுப்பாதீங்க. நான் சொன்னதும் எல்லாரும் ஒண்ணா அனுப்புங்க." ஒரு நிமிடம். "ம், அனுப்புங்க." மளமளவென்று பதில்கள் கொட்டுகின்றன. பாதிக்கு மேல் 'கூடும்'. சரியான விடை 'மாறாது'. முதலில் பதில் சொல்பவனைப் பார்த்து மற்றவர்கள் எழுதும் வழி அடைபட்டுவிட்டது. "யெஸ் சார்" தராத தகவல் இப்போது கையில் இருக்கிறது: பாதி வகுப்பு பரவலையும் அளவையும் குழப்பிக்கொள்கிறது. அடுத்த பத்து நிமிடத்தை எதில் செலவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'மாறாது' என்றவரில் ஒருவரையும் 'கூடும்' என்றவரில் ஒருவரையும் அழைத்துக் காரணம் கேட்டால், பாதி விளக்கத்தை அவர்களே செய்துவிடுவார்கள்.

அழைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், இது முக்கியம். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே அளந்து சொன்னார். மூன்று வினாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். அது நேர்முக வகுப்பு. இணையத்தில் சத்தம் போய்ச் சேர ஒரு நொடி, மியூட்டை எடுக்க இரண்டு நொடி, தைரியம் வர இன்னும் சில நொடி. பத்து வினாடி மௌனம் தாங்க முடியாமல்தான் இருக்கும். ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம்.

வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே பேசவிடும் பிரேக்அவுட் ரூம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. "பேசிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பினால் பேசமாட்டார்கள். நிரப்ப வேண்டிய ஒரு பக்கமும், அதை நிரப்பப்போகும் ஆளின் பெயரும் கொடுத்து அனுப்பினால் பேசுவார்கள்.

கேமரா விவகாரத்துக்கு வருவோம். முகம் தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணி அதைக் கட்டாயமாக்கிய ஆசிரியர்கள் உண்டு. தொடக்கத்தில் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்களிடம் கேட்டு 2021-ல் வெளியான ஆய்வில், கேமராவை அணைக்க அதிகம் பேர் சொன்ன காரணம் தங்கள் தோற்றம் பற்றிய கூச்சம். பின்னால் வீட்டார் தெரிவதும், வீடே தெரிவதும் காரணங்களில் இருந்தன. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் வீடியோ சந்திப்பில் வரும் களைப்புக்கு நாலு காரணம் சொன்னார்: மிக அருகில் இருப்பதுபோல் எல்லோரும் முகத்தையே பார்ப்பது, தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார்ந்திருப்பது, தலையசைப்பைக்கூட யோசித்துச் செய்ய வேண்டியிருப்பது. சாட்டில் ஒரே நேரத்தில் வந்து விழும் அறுபது பதில்கள், அஞ்சல்தலை அளவில் தெரியும் அறுபது முகங்களைவிட எனக்கு அதிகம் சொல்கின்றன. கேமரா அவர்கள் விருப்பம்.

பதிவு வீடியோ: ஸ்டுடியோ தேவையில்லை

இணையவழிப் பாடங்கள் நடத்தும் எட்எக்ஸ் தளத்தின் நாலு பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசி 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், சராசரி மாணவர் அதில் ஆறு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. அந்த ஆறு நிமிடம் இப்போது வேதவாக்காகிவிட்டது. அந்த மாணவர்கள் கட்டாயம் ஏதுமின்றி, தாங்களாக விரும்பி வந்தவர்கள் என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை. பட்டப்படிப்பு மாணவர் பன்னிரண்டு நிமிடமும் பார்ப்பார், நடுவில் அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தால். அந்த ஆய்விலேயே எனக்குப் பிடித்த முடிவு வேறொன்று: பணத்தைக் கொட்டி ஸ்டுடியோவில் எடுத்ததைவிட, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இயல்பாகப் பேசிய வீடியோக்களில் மாணவர்கள் அதிக நேரம் தங்கினார்கள். பேசிக்கொண்டே கையால் எழுதிக் காட்டியவையும் எடுபட்டன. கையில் காசு இருந்தால் நல்ல மைக் ஒன்று வாங்கலாம். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், இரைச்சலான குரலைப் பொறுக்க முடியாது.

நடுவில் வேலை கொடுப்பது என்றேனே, அதற்கும் ஆதாரம் உண்டு. கார்ல் ஷ்புனார், நோவால் கான், டேனியல் ஷாக்டர் மூவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், புள்ளியியல் பற்றிய 21 நிமிட வீடியோவை நாலு துண்டாக்கினார்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் சின்னத் தேர்வு எழுதியவர்களின் கவனம் சிதறியது, எழுதாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான். குறிப்பும் அதிகம் எடுத்தார்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஒரு பகுதியை இரண்டாம் முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், மறுபடி படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களிடம் 56 சதவீதம் மிஞ்சியிருந்தது, திரும்பப் படித்தவர்களிடம் 42 சதவீதம். அதனால் மதிப்பெண்ணே இல்லாத மூன்று கேள்வி வினாடி வினா, ஒரு பல்கலைக்கழகம் செய்யக்கூடிய முதலீடுகளில் மிக மலிவானது. மூடில் போன்ற எந்தப் பாட மேலாண்மைத் தளத்திலும் இருபது நிமிடத்தில் அமைத்துவிடலாம்.

சப்டைட்டில் காது கேளாதவர்களுக்கு மட்டும் என்று நினைப்பது தவறு. சத்தமான அறையில் இருப்பவர், உச்சரிப்பு பழகாதவர், வீடியோவில் ஒரு சொல்லைத் தேடுபவர் என்று எல்லோருக்கும் அது உதவும். தானாக உருவாகும் வரிகளில் கலைச்சொற்கள் சின்னாபின்னமாகியிருக்கும், ஒரு தடவை கண்ணால் ஓட்டித் திருத்தியே ஆக வேண்டும்.

ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம்

நியூட்டன் விதிகளைப் பற்றி உலகத்துக்கு இன்னொரு வீடியோ தேவையில்லை. எம்ஐடி தன் பாடப் பொருட்களை இலவசமாக இணையத்தில் வைக்கப்போவதாக 2001-ல் அறிவித்தது. அடுத்த ஆண்டு யுனெஸ்கோ கூட்டிய அரங்கில் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர் பிறந்தது. தன் படைப்பை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டிச் சொல்லிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் அதே 2002-ன் கடைசியில் வந்தன. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் முழுப் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட், மின்சுற்று முதல் அலைகள் வரை கையால் இழுத்துப் பார்க்கும் மாதிரிகளைத் தருகிறது. எடுக்கும்போது உரிமத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலவற்றை மொழிபெயர்க்கலாம், வெட்டி ஒட்டலாம். சிலவற்றை மாற்றாமல்தான் பகிரலாம். சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. இதையெல்லாம் நுனிவிரலில் வைத்திருக்கும் ஒருவர் ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் இருக்கிறார், அவரிடம்தான் யாரும் கேட்பதில்லை: நூலகர்.

செய்முறை வகுப்புதான் உண்மையான தலைவலி. மாதிரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் கம்பி தளர்ந்துபோவதில்லை, கருவி பிசகுவதில்லை. நான் பார்த்தவரை ஓரளவு வேலை செய்யும் வழி ஒன்று உண்டு. ஆய்வகத்தில் ஆசிரியர் எடுத்த உண்மையான அளவீடுகளை, பிழைகளோடு சேர்த்து, கருவியின் வீடியோவுடன் மாணவரிடம் கொடுத்துவிடுவது. எந்த அளவீடு சந்தேகத்துக்குரியது, ஏன் என்று அவர் சொல்ல வேண்டும். கைப்பழக்கம் இதில் வராது. அதற்கு நேரில்தான் வர வேண்டும், தொலைவிலிருந்து அது கைவராது என்று ஒத்துக்கொள்வதே நேர்மை.

கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-ல் சொன்னதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன்: பாடத்தைக் கொண்டுசேர்க்கும் ஊடகம் மளிகை ஏற்றிவரும் லாரி மாதிரி, லாரியை மாற்றுவதால் சாப்பிடுகிறவரின் ஊட்டச்சத்து மாறிவிடாது. இதை மறுத்தும் நிறைய எழுதினார்கள். லாரியே வந்து சேராத வீட்டைப் பற்றிக் கிளார்க் யோசிக்கவில்லை என்பது என் பக்கத்துச் சின்ன மறுப்பு.

பரீட்சை

தொலைநிலைக் கல்வியில் நம்பிக்கையின்மை முழுசாக வெளியே வரும் இடம் இது. கேமராவால் அறையைச் சுற்றிக் காட்டு, கண்ணை அசைக்காதே, யாரும் உள்ளே வரக்கூடாது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, தேர்வுக்கு முன் மாணவரின் படுக்கையறையைக் கேமராவால் சுற்றிக் காட்டச் சொன்னது அரசமைப்புக்கு எதிரான சோதனை என்று கிளீவ்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்தது. அத்தோடு வீட்டிலிருந்து எழுதும் கட்டுரையை மட்டும் நம்பி மதிப்பெண் போடுவதும் முடிவுக்கு வந்தது.

மிச்சமிருப்பது பழைய வழிகள்தான். புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வு, ஆனால் புத்தகத்தில் நேராக விடை இல்லாத கேள்வி. ஒரே பெரிய தேர்வுக்குப் பதில் பல சிறியவை. எழுதிக் கொடுத்ததைப் பற்றி ஐந்து நிமிட வைவா: "மூணாவது பத்தியில இந்த முறையை ஏன் எடுத்தீங்க? அதை விட்டுட்டா என்ன ஆகும்?" தானே எழுதியவருக்கு இது ஒரு உரையாடல், அடுத்தவர் எழுதித் தந்ததைக் கொடுத்தவருக்கு மூன்றாவது வாக்கியத்திலேயே மூச்சு வாங்கும். அறுபது பேருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். கண்காணிப்புக் காணொளிகளை உட்கார்ந்து பார்ப்பதைவிட அது குறைவு.

கெடு நேரம் பற்றி ஒரு வார்த்தை. எல்லாத் தளங்களும் இரவு 11:59 என்று போட்டுக்கொடுக்கும், நாமும் அப்படியே விட்டுவிடுவோம். கோப்பு ஏறாமல் மாணவர் திண்டாடும் அந்த நேரத்தில் உதவிக்கு ஆள் கிடையாது. மாலை நாலு மணி என்று மாற்றிய பிறகு "சார், அப்லோட் ஆகல" என்ற நள்ளிரவு மின்னஞ்சல்கள் கிட்டத்தட்ட நின்றுவிட்டன.

சத்தமில்லாமல் காணாமல் போகிறவர்கள்

வகுப்பறையில் காலி நாற்காலி கண்ணில் படும். தளத்தில் படாது. வாரம் ஒருமுறை, கடைசியாக உள்ளே நுழைந்த தேதியை வைத்துப் பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்திப் பார்ப்பேன். பத்து நாளாக வராதவருக்கு ஒரு செய்தி, இரண்டே வரி, பெயர் சொல்லி: "மூணாவது வாரப் பாடத்தில் உங்களைக் காணோம். எங்கே தடைப்பட்டது என்று சொல்லுங்கள்." பொது அறிவிப்புக்குப் பதில் வராது, இதற்கு வரும். ஒருமுறை வந்த பதில்: "சார், எந்த லிங்க்னு தெரியல, மூணு இடத்துல மூணு இருக்கு." தப்பு என்னுடையது. பாடம் ஒரு தளத்தில், அறிவிப்பு வாட்ஸ்அப்பில், வினாத்தாள் மின்னஞ்சலில், கோப்பின் பெயர் 'ஃபைனல்_புதியது_2'. அன்றிலிருந்து ஒரே பக்கம், ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரே அமைப்பு: இதைப் படியுங்கள், இதைப் பாருங்கள், இதைச் செய்யுங்கள், இத்தனை மணி நேரம் ஆகும். அந்தப் பக்கத்தை என் கணினியில் பார்ப்பதோடு நிறுத்தாமல் போனிலும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வெளியிடுகிறேன்.

இவ்வளவும் நேரத்தைத் தின்னும். அறுபது பேரின் வார ஒப்படைப்புக்குத் தனித்தனியாகக் கருத்து எழுத முடியாது, முயன்று தோற்றிருக்கிறேன். இப்போது எல்லாவற்றையும் ஒருமுறை வேகமாக வாசிக்கிறேன், அடிக்கடி வந்த மூன்று தவறுகளைக் குறித்துக்கொள்கிறேன், அவற்றைப் பற்றி நாலு நிமிடம் பேசிக் குரல்பதிவாகப் போடுகிறேன். தனிக் குறிப்பு பத்துப் பேருக்கு மட்டும், அடுத்த வாரம் வேறு பத்துப் பேர். இப்படிச் சுருக்கியும் வாரத்துக்கு நாலு மணி நேரம் போகிறது. பணிச்சுமைக் கணக்கில் 'வகுப்பு நேரம்' என்ற கட்டத்தில் நேரலையில் இருந்த மணிகளை மட்டும்தான் எழுத முடியும். அந்த நாலு மணி நேரத்தை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன், 'இதர பணிகள்' என்பதில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.